இல்லாத ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன்

எங்கள் மாவட்டத்தில் ரயில் கிடையாது. இடுக்கியில் ஓர் அடி தண்டவாளம்கூட இல்லை என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வினாடி வினாவுக்கு மனப்பாடம் செய்கிற சமாச்சாரம். அப்படிப்பட்ட மாவட்டத்தில், கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, நான் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கட்டினேன். சாப்பாட்டு மேசையின் முக்கால் பாகத்தை அடைத்துக்கொள்கிற அளவுக்குத்தான். அதற்கே ஊர் என்னைப் படுத்திய பாட்டை இங்கே எழுதுகிறேன்.

நான் சர்வே ஆபீசில் படம் வரைகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மனைவிக்கு இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை என்பதால் இந்த மேட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் எல்லைக்கல்லைப் பார்த்தே காலம் தள்ளியதால் யாரையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. ஒரு கல் நேராக நின்றால் யாரோ புதிதாக நட்டிருக்கிறான் என்று தோன்றும். சாய்ந்து நின்றால் யாரோ நகர்த்தப் பார்த்திருக்கிறான் என்று தோன்றும். காய்கறிக் கடைக்காரர் ஒரு தக்காளி கூடப் போட்டால் அழுகல் எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "உங்களுக்கு ரத்தத்துக்குப் பதிலா சந்தேகந்தானுங்க ஓடுது" என்பாள் மனைவி. ஓடட்டுமே. சர்வே ஆபீசில் சந்தேகப்படாதவன் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

எங்கள் வீட்டுக்கு மேல்பக்கம் ஒரு ஏக்கர் ஏலத்தோட்டம். அதற்குள்ளேயே ஒரு சின்ன வீடு. என் வயதையொத்த ஓர் அம்மாள், கணவர் இறந்த பிறகு, மகன், மருமகள், பேத்தியோடு அங்கே இருக்கிறார். மகன் ஜீப் ஓட்டுகிறவன். அவனுக்கு மலை சலித்துவிட்டது. தோட்டத்தை விற்றுவிட்டுக் கீழே கம்பத்தில் டயர்க் கடை வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். நிலத்துப் பட்டயம் தாயார் பேரில் இருந்ததால் அவர் கையெழுத்துப் போட்டால்தான் காரியம் நடக்கும். வாங்க ஆளும் தயாராக இருந்தது. என் மனைவியின் தம்பிதான். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவனுக்கு மலைமேல் ஹோம்ஸ்டே நடத்தும் ஆசை வந்துவிட்டது. விலை பேசி, ஓணம் கழிந்து பத்திர எழுத்து என்று முடிவாகிவிட்டது. அந்தப் பேச்சு நடந்ததும் எங்கள் வீட்டில்தான். அம்மாள் வாயே திறக்கவில்லை. மருமகள் காபி டம்ளரை நீட்டியபோது வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை.

அதையெல்லாம் அன்றைக்கு நான் கவனித்தேனா என்றால், கவனித்தேன். ஆனால் தப்பாகக் கணக்குப் போட்டேன். விலையை இன்னும் ஏற்றுவதற்காக ஊமை வேஷம் போடுகிறார் என்று நினைத்தேன். மைத்துனன் மேலும் சந்தேகம் இருந்தது. ஹோம்ஸ்டேவுக்குச் சாவி வைத்திருப்பதும் தண்ணீர்த் தொட்டி நிரப்புவதும் சம்பளமில்லாமல் என் தலையில் விழப்போகிறது என்பது பச்சையாகத் தெரிந்தது. நமக்கெதற்கு வம்பு என்று என் ஸ்டேஷனுக்குள் புகுந்துகொண்டேன்.

ஸ்டேஷன் கட்டும் பைத்தியம் போனில் பார்த்த ஒரு வீடியோவால் பிடித்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர், முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டி, மரத்திலும் அட்டையிலும் ஒரு குட்டி ரயில் நிலையத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். கூரைக்கு ஓடு இல்லை. கைப்பிடி அகலப் பலகைச் சில்லுகளை மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவார்களே, பழைய எஸ்டேட் பங்களாக்களில் இருந்ததே, அந்தப் பலகைக் கூரை. அதைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே வந்தார். எனக்குக் கை ஊறியது. வேலையிலிருந்த காலமெல்லாம் வரைந்து தள்ளினேன். நான் வரைந்தது ஒன்றுகூடத் தாளைவிட்டு எழுந்து நின்றதில்லை. இதாவது நிற்கட்டும் என்று தோன்றியது.

ஒட்டினால் போதும் என்று பெட்டியில் போட்டு விற்கிறார்களாம். அது எனக்கு ஒப்பவில்லை. எவனோ அளந்து வெட்டியதை நான் எதற்கு நம்ப வேண்டும்? ஐம்பதில் ஒரு பங்கு என்று அளவு வைத்து, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு ஸ்டேஷனை நானே வரைந்தேன். ஒரு டிக்கெட் அறை, ஒரு காத்திருப்பு அறை, முன்னால் நடைமேடை. சுவருக்குப் பைண்டிங் அட்டை. அதன்மேல் வீட்டுச் சுவருக்குப் பூசுகிற பட்டியைத் தடவி, அரைகுறையாகக் காய்ந்த பதத்தில் ஊசியால் கீறிக் கீறிக் கருங்கல் கட்டுமானம் ஆக்கினேன். ஜன்னல் சட்டமெல்லாம் தீக்குச்சி. இவ்வளவும் சுலபமாக முடிந்தது. கூரைதான் மிரட்டியது. வீடியோவில் வேகமாக ஓட்டிக் காட்டிவிடுகிறார்கள். எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? நிஜக் கூரை ஒன்றைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அளந்துவிட்டுத்தான் தொடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த அம்மாளின் தோட்டத்து மேல் மூலையில் ஒரு பழைய ஸ்டோர் உண்டு. ஏலக்காய் உலர்த்துகிற அறை. இப்போது உரச்சாக்கு அடுக்குகிறார்கள். பாதிக் கூரைக்குத் தகரம் போட்டுவிட்டார்கள். மறுபாதியில் பழைய பலகைச் சில்லுகள் பாசி பிடித்து இன்னும் இருக்கின்றன. அம்மாளிடம் கேட்டுக்கொண்டு, டேப்பும் தூக்குக்குண்டும் போனுமாகப் போனேன். கூரையின் சரிவு என்ன, ஒரு சில்லு எவ்வளவு வெளியே தெரிகிறது, எவ்வளவு மேல்வரிசைக்குள் ஒளிந்திருக்கிறது என்றெல்லாம் அளந்தேன். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை. பையில் கிடந்த ஒரு குச்சியைத் தரையில் அறைந்து, வளையத்தை அதில் மாட்டினேன். வேலை முடிந்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். குச்சியை மறந்துவிட்டேன்.

அந்தக் குச்சி, அன்று காலையில் ஸ்டேஷன் பெயர்ப்பலகைக்காக மஞ்சள் பெயிண்ட் கலக்கிய குச்சி. தலையில் மஞ்சள், உடம்பில் வெறும் மரம். கேரளத்தில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். கீழ்ப்பக்கத்து மாவட்டங்களில் ரயிலுக்கு இடம் எடுக்கிறோம் என்று மஞ்சள் கல் நட்டு, ஊர் ஊராகச் சண்டை நடந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தவர்கள். ஓய்வு பெற்ற சர்வேக்காரன் ஒருவன் டேப் பிடித்து அளந்துவிட்டு, மஞ்சள் தலைக் குச்சி ஒன்றை அறைந்துவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? அந்த அர்த்தம் எனக்கு மட்டும் உறைக்கவில்லை. கூரை நினைப்பில் இருந்தேன்.

அந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜங்ஷனில் இருக்கிற தச்சரிடம் பிளைவுட் கழிவு வாங்கி, வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். ஊறியதும் அடுக்கு அடுக்காகப் பிரிந்து வந்தது. அதில் மெல்லிய அடுக்கை எடுத்து, மனைவியின் பாடப்புத்தகங்களுக்கு அடியில் வைத்து நிமிர்த்தி, நெல்லைவிடக் கொஞ்சம் அகலமாகச் சில்லு சில்லாக நறுக்கினேன். இறவாரத்தில் ஆரம்பித்து முகட்டை நோக்கி ஏற வேண்டும். கீழ்வரிசையில் இரண்டு சில்லுக்கு நடுவே விழுகிற இடுக்கு, மேல்வரிசைச் சில்லின் நடு வயிற்றுக்குக் கீழே மறைய வேண்டும். இல்லையென்றால் மழை உள்ளே இறங்கும். என் ஸ்டேஷனில் மழை பெய்யப்போவதில்லைதான். ஆனாலும் இடுக்குக்கு நேரே இடுக்கு வந்த ஒரு வரிசையை முழுசாகப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.

நிறம்தான் வித்தை. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் போட்டு மூடி வைத்தேன். சில்லுகளுக்கு முதலில் கடுந்தேயிலைச் சாற்றைத் தடவி, காய்ந்த பிறகு அந்த ஆணித் தண்ணீரைத் தடவினால் கண்ணெதிரே மரம் சாம்பல் நிறத்துக்குக் கிழடு தட்டும். எல்லாச் சில்லும் ஒரே மாதிரி கிழடு தட்டினால் பொய் என்று தெரிந்துவிடும். ஒன்று கறுத்து, ஒன்று வெளுத்து, ஒன்று நுனி பிளந்து, ஒன்று காற்றில் தூக்கியபடி இருக்க வேண்டும். ஓரிடத்தில் சில்லே இல்லாமல் விட்டு, கீழே சட்டம் தெரிய வைத்தேன். சுவரோரத்துப் பாசியை உலர்த்திப் பொடித்து வடக்குச் சரிவில் மட்டும் தூவினேன். "டீ போடற போசியில இதென்னங்க கருமம்?" என்று மனைவி சத்தம் போட்டாள். அவளுக்குப் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

பெயர்ப்பலகைக்கு மஞ்சள் பூசிவிட்டு எழுத்து எழுதாமல் வைத்திருந்தேன். எந்த ஊர்ப் பெயரை எழுதினாலும், அந்த ஊர் ஸ்டேஷன் இப்படியா இருக்கிறது என்று எவனாவது கேட்பான்.

கூரை முடிந்த வாரத்தில் ஜீப் ஓட்டுகிற மகன் கேஸ் சிலிண்டர் இறக்க வந்தான். மேசையைப் பார்த்தான். சிலிண்டரைக் கீழே வைக்காமலே நின்றான்.

"என்ன சார் இது?"

"ஸ்டேஷன் தம்பி. சும்மா பொழுது போகோணுமில்லீங்க."

"எந்த ஊரு ஸ்டேஷன்?"

"எந்த ஊரும் இல்லீங்க."

அவன் வெறும் மஞ்சள் பலகையைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். "எங்க ஸ்டோருக் கூரை மாதிரியே இருக்கு" என்றான். போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தான். அப்போதே நான் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து ஊருக்கு என்மேல் திடீர்ப் பாசம். டீக்கடையில் என் டீக்கு முன்னாடியே யாரோ காசு கொடுத்திருப்பார்கள். மரக்கடைக்காரர் ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து இறக்கினார். பேசாத மனிதர்களெல்லாம் தோளில் கை போட்டு, "சாருக்குத் தெரியாததா?" என்றார்கள். எனக்கு என்ன தெரியும் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை. பலாப்பழத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அது நல்ல பழமாக இருந்ததுதான் பயத்தைக் கூட்டியது. இந்த ஊரில் எவன் சும்மா பலாப்பழம் கொடுப்பான்?

விஷயத்தை மனைவிதான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாள். போடிக்கு ரயில் திரும்பி வந்த நாள் முதல், அது அப்படியே கம்பத்துக்கு வரும், மலையேறிக் குமுளிக்குப் போகும் என்று பேசாத டீக்கடை கிடையாது. அந்தப் பேச்சுக்கு இப்போது ஒரு முகவரி கிடைத்துவிட்டது. லைன் நம் மேட்டு வழியாகத்தான் வருகிறதாம். ஸ்டேஷன் அந்த அம்மாள் தோட்டத்தின் மேல் மூலையிலாம். சர்வே சாரிடம் ரகசியமாக மாதிரி செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். எல்லைக் குற்றியும் அடித்தாகிவிட்டதாம். பெயர் இன்னும் அரசாங்கம் முடிவு செய்யாததால்தான் பலகையை வெறுமையாக விட்டிருக்கிறாராம்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டீக்கடைக்குப் போய், ரயிலும் வராது ஒன்றும் வராது, அது விளையாட்டுப் பொம்மை என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். "நீங்க அப்பிடித்தான் சார் சொல்லணும். ரகசியம்னா ரகசியந்தான்" என்றார் கடைக்காரர். அது நிஜமானால் கூரைக்கு எதற்குப் பலகை போடப்போகிறார்கள் என்று மடக்கினேன். அதற்கும் ஒருவர் பதில் வைத்திருந்தார். மலை ஸ்டேஷன் என்றால் வெள்ளைக்காரன் காலத்து மாதிரி பலகைக் கூரைதான் டூரிஸ்டுக்குப் பிடிக்குமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

பிறகு மைத்துனன் வந்தான். காரை நிறுத்திய விதத்திலேயே கோபம் தெரிந்தது. ஜீப்காரன் தோட்டத்தை இப்போது விற்பதற்கில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்று போனில் சொல்லிவிட்டானாம்.

"ஏனுங் மாமா, நம்மூட்டு ஆளே இப்பிடிப் பண்ணலாமுங்ளா? எனக்குத் தெரியாம என்ற எடத்துல குச்சி அடிச்சிருக்கறீங்."

"அது பெயிண்ட் கலக்குன குச்சிடா."

"செரி, அப்பறம் ஏன் எல்லார்த்துகிட்டயும் இல்லை இல்லைன்னு இத்தன சத்தமாச் சொல்றீங்? ஒண்ணுமில்லாத விசயத்துக்கு ஆரு இப்பிடிச் சத்தம் போடுவாங்?"

இவன் என்னைச் சந்தேகப்படுகிறான் என்பதைவிட, அவன் கேள்வி சரியாக இருந்ததுதான் எரிச்சலைக் கிளப்பியது. ஊர்க்காரர்களுக்கோ வேறு கணக்கு. மைத்துனன் மலிவாக வாங்குவதற்காகத்தான் நான் ரயில் வராது என்று சாதிக்கிறேனாம். வரும் என்றால் அவனுக்குத் துரோகி, வராது என்றால் ஊருக்குத் துரோகி. எதற்கும் லாயக்கில்லாமல் நடுவில் நின்றேன்.

உண்மையில் எனக்கு அந்த அம்மாளை நினைத்துத்தான் கவலை. என் மைத்துனன் பேசிய விலை நல்ல விலை. இந்த ஆளை விட்டால் அவருக்கு இப்படியொரு ஆள் கிடைப்பது கஷ்டம். வராத ரயிலை நம்பிக் காத்திருந்து, கடைசியில் நிலமும் விற்காமல், மகனும் கடை வைக்காமல், குடும்பமே என்னைச் சபிக்கும். அவர் பேராசைப்படுகிறார் என்று கோபமும் வந்தது. ஏனென்றால், தோட்டத்துப் பக்கம் நடக்கும்போது நான் பார்த்தேன்: அந்த மஞ்சள் குச்சியைச் சுற்றி மூங்கில் பத்தைகளை நட்டு, கயிறு கட்டி, கன்றுக்குட்டி முட்டாதபடி வேலி போட்டிருந்தார்கள். வேலி போட்டது அம்மாள்தான் என்று மருமகள் சொன்னாள். வாய் பேசாமல் இருந்த காரணம் இப்போது புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அமுக்குணிக்குத்தான் ஆசை அதிகம்.

ஒரு நாள் காலையில், மகன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போன பிறகு, குச்சியைப் பிடுங்கி எறிந்துவிடுவது என்று மேல் மூலைக்கு ஏறினேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வேலியைத் தாண்டிக் குனிந்து குச்சியில் கை வைத்தேன்.

"சார், அதைத் தொடாதீங்க."

அம்மாள் ஏலச்செடித் தட்டைகளுக்கு நடுவிலிருந்து வந்தார். கையில் கவ்வாத்துக் கத்தி.

"இது என்ற குச்சிங்க. பெயிண்ட் கலக்குனது. ரயில்வேக்காரன் அடிச்சதில்லீங்க" என்றேன், எத்தனையாவது தடவையாகவோ.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"நீங்க அளந்துட்டுப் போனதும் வந்து தொட்டுப் பாத்தேன். வெரல்ல மஞ்சப் பெயிண்டு ஒட்டுச்சு. கெவுருமெண்டுக்காரன் காயாத குத்தியவா கொண்டாந்து அடிப்பான்?"

"அப்பறம் எதுக்குங்க வேலி?"

"எம் மகன் பாக்கணும்ல."

அவர் கத்தியை ஸ்டோர் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்தார். "எனக்கு இந்த மண்ணை விக்க மனசில்ல சார். இங்கிட்டு இருக்கிற தட்டை அம்புட்டும் நான் வச்சது. கீழ போயி என்ன செய்ய? வாடகை வீட்டுல, மருமக அடுப்படிக்குக் குறுக்கால நிக்காம, ஒரு ஓரமா டிவியப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?"

"அத மகங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானுங்க? உங்க கையெழுத்தில்லாம ஒண்ணும் நடக்காதுங்க."

"ஒத்தப் புள்ள சார். நான் மாட்டேன்னு சொன்னா அன்னையோட நான் அவனுக்கு ஆகாதவ. பேத்தியத் தூக்கிட்டுப் போயிருவான். கையெழுத்தை வச்சுக்கிட்டு நான் யாருக்குக் கஞ்சி ஊத்த? ரயிலு வருது, இப்ப வித்தா நட்டம்னு அவனாவே நெனச்சா, யாருக்கும் யாரு மேலயும் வருத்தமில்ல."

"நான் வராது வராதுன்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறனேங்க."

"சொல்லுங்க சார். நிறுத்திறாதீங்க. நீங்க கோவமாச் சொல்லச் சொல்லத்தான் அவன் நம்புறான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் என்னை வைத்துக் காய் நகர்த்தியிருக்கிறார். நான் போட்ட சத்தத்தையெல்லாம் தன் வேலிக்குக் கட்டையாக நட்டிருக்கிறார். இதிலும் ஏதாவது உள்ளடி இருக்குமோ, விலையை ஏற்றும் தந்திரத்தில் இது அடுத்த கட்டமோ என்று என் புத்தி வழக்கம்போல ஓடியது. அவரைப் பார்த்தேன். அவர் கெஞ்சவில்லை. கண்ணைக் கசக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்பது போலக் கத்தியை எடுத்துக்கொண்டு காய்ந்த இலையைக் கழிக்கப் போய்விட்டார். எவ்வளவு தேடியும் அவரிடம் அழுகல் அகப்படவில்லை. ஆயுசு முழுக்க மண்ணை அளந்தவன், ஒருவருக்கு மண் எதற்கு வேண்டும் என்று கேட்டதில்லையே என்று வெட்கமாக இருந்தது. குச்சியை விட்டுவிட்டு இறங்கினேன்.

மகன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. மழையில் மண் சரிந்த ரோட்டில் ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப் ஓட்டிப் பிழைப்பது சாதாரணம் இல்லை. நிழலில் உட்கார்ந்து டயர் விற்க அவன் ஆசைப்படுவதில் என்ன தப்பு? ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டேஷனுக்கு நடைமேடை விளக்குக்கம்பம் செய்யலாம் என்று உட்கார்ந்து, ஒன்றைக்கூட நேராக ஒட்ட முடியாமல் எழுந்தேன்.

மைத்துனன் கெடு வைத்துவிட்டான். நாளைக்குள் பதில் இல்லையென்றால் போடிமெட்டுப் பக்கம் வேறு இடம் பார்த்திருக்கிறேன், அங்கே போய்விடுவேன் என்றான். அன்று சாயந்திரம் ஜீப்காரன் தாயாரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். மனைவி நாற்காலி போட்டாள். அவன் உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் நின்று, ஸ்டேஷனின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாள் வாசல் நிலைப்படியோரமாக நின்றார்.

"சார், கடைசியா ஒரு தடவை கேக்குறேன். எங்கம்மா முன்னாடி சொல்லுங்க. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு. ரயிலு வருமா, வராதா?"

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்தக் கேள்விக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை. வரவழைத்துக்கொண்டேன். மேசையை ஓங்கித் தட்டினேன்.

"எத்தன தடவ சொல்றது தம்பி? வராது. வரவே வராது. ரயில்வேக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. இது பொம்மை. நல்ல வெல, பேசாம வித்துட்டுப் போங்க!"

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. உண்மையைச் சொல்வதற்கு நான் நடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். மைத்துனனுக்காக நான் பேசுகிறேன் என்பது அவன் கண்ணில் முடிவாகிவிட்டது தெரிந்தது. மெல்லச் சிரித்தான். "சரி சார். புரிஞ்சுக்கிட்டேன்" என்றான். எனக்கு அவன் காலில் விழலாம் போலவும் இருந்தது, அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கோபக்காரன் மாதிரியே நின்றேன்.

அவன் தாயார் பக்கம் திரும்பினான். "யம்மா, மேல காலியாக் கெடக்குற எடத்துல தட்டை வச்சுருவோமா? நாளைக்கு ஆளு சொல்லட்டா?"

"மழை விடுறதுக்குள்ள வச்சாத்தான்யா புடிக்கும்" என்றார் அவர்.

வெளியே சாரல் பிடித்துக்கொண்டது. படி வழுக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே முன்னால் இறங்கி, தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.